படிகாரச் சூளைகளின் மேல் நடக்கிறோம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், சாண்ட்ஸெண்டிலிருந்து ஸ்டெய்த்ஸ் மீனவர் ஊர் வரை செங்குத்துப் பாறைகளின் விளிம்பில் செல்லும் நடைபாதை பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் நீங்கள் வெளியிட்ட பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் அழகாக இருந்தன. தமிழில் இந்தக் கரையைப் பற்றி எழுத ஒருவர் முன்வந்ததே எனக்கு மகிழ்ச்சி. ஆனால் மனிதக் கை படாத இயற்கை என்ற பொருளில் கட்டுரை முழுதும் எழுதப்பட்டிருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பாதையின் பெரும்பகுதியில் மனிதக் கை படாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நான் வேதிப்பொறியாளர். டீஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள ஆலைகளில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். விடுமுறை கிடைத்தால் நடக்கப் போவது இந்தக் கரைக்குத்தான். அங்கே போகும்போதெல்லாம் ஒரு பழைய ஆலைக்குள் நுழையும் உணர்வுதான் எனக்கு வருகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. 1600-களின் தொடக்கத்திலிருந்து 1871 வரை, இரண்டரை நூற்றாண்டுக்கும் மேலாக, இந்தப் பாறைகளை வெட்டி எரித்துப் படிகாரம் காய்ச்சினார்கள். இங்கிலாந்தின் முதல் பெரும் வேதித் தொழில்களில் ஒன்று இது. உங்கள் கட்டுரையில் படிகாரம் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இன்று நமக்குப் படிகாரம் சவரம் செய்த கன்னத்தில் தேய்க்கும் கட்டி. அன்றைக்கு அது இல்லாமல் துணித் தொழில் இல்லை. செடியிலிருந்து எடுத்த சாயம் கம்பளித் துணியில் நிலையாகப் பிடிக்கப் படிகாரம் வேண்டும்; தோல் பதனிடவும் வேண்டும். ஐரோப்பாவுக்கு வேண்டிய படிகாரத்தில் பெரும்பங்கு இத்தாலியில் டோல்ஃபா என்ற இடத்துச் சுரங்கங்களிலிருந்து வந்தது. அந்த வியாபாரம் போப்பாண்டவரின் கையில் இருந்தது. எட்டாம் ஹென்றி ரோமோடு உறவை முறித்துக்கொண்ட பிறகு, கம்பளி விற்றுப் பிழைத்த இங்கிலாந்துக்குத் தன் மண்ணிலேயே படிகாரம் தேட வேண்டிய நெருக்கடி வந்தது. கிஸ்பரோ ஊரின் தாமஸ் சலோனர் தன் நிலத்துப் பாறையும் இத்தாலியப் பாறையும் ஒத்திருப்பதைக் கவனித்தார் என்றும், அங்கிருந்த தொழிலாளர்களைப் பீப்பாய்களில் ஒளித்துக் கடத்தி வந்தார் என்றும், அதற்காகப் போப்பாண்டவர் அவரைச் சபித்தார் என்றும் இந்தப் பக்கத்தில் கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1600-களின் முதல் பத்தாண்டில் இங்கே தொழில் தொடங்கிவிட்டது என்பது உறுதி.

அதன் செய்முறையை நான் கொஞ்சம் விரித்துச் சொல்ல ஆசிரியர் இடம் தர வேண்டும், ஏனென்றால் பாதையில் நடப்பவரின் கண்ணுக்குத் தெரியும் அத்தனையும் இதன் மிச்சம். இந்தப் பாறை சாம்பல் நிறமான, ஏடு ஏடாகப் பிரியும் களிப்பாறை. அதற்குள் களிமண்ணில் அலுமினியமும், பைரைட் என்ற கனிமத்தில் கந்தகமும் இருக்கின்றன. பாறையை மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் வெட்டி, சுள்ளிக் கட்டுகளின் மேல் மலைபோல் குவித்துத் தீ வைப்பார்கள். ஒரு சூளை முப்பது மீட்டர் உயரம்கூட எழும்பும். அது மாதக்கணக்கில் எரியும். ஒன்பது மாதம் எரிந்த சூளைகளும் உண்டு. எரியும்போது கந்தகம் அமிலமாகி, அந்த அமிலம் களிமண்ணின் அலுமினியத்தைக் கரைத்தெடுக்கும். எரிந்து சிவந்த கல்லைத் தொட்டிகளில் ஊறப்போட்டு, வடிந்த நீரைக் காய்ச்சிச் சுண்டவைப்பார்கள்.

இங்கேதான் சிக்கல். இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது அலுமினியம் சல்பேட்தான். படிகாரமாகக் கட்டிப்பட அதற்குப் பொட்டாசியமோ அமோனியாவோ சேர வேண்டும். பொட்டாசியத்துக்குக் கடல்பாசியை எரித்த சாம்பலைக் கொண்டுவந்தார்கள். அமோனியாவுக்கு மனித மூத்திரத்தைக் கொண்டுவந்தார்கள். ஊரில் வீடு வீடாகச் சேகரித்தது போதாமல் லண்டனிலிருந்தும் நியூகாஸிலிலிருந்தும் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலில் வந்து இறங்கியது. காய்ச்சும் திரவம் சரியான பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு முட்டையைப் போட்டுப் பார்ப்பார்களாம்; முட்டை மிதந்தால் பதம். கூடவே இருக்கும் இரும்பு சல்பேட் கட்டிப்படுவதற்கு முன்னால் படிகாரம் மட்டும் பிரிந்து வரவேண்டும், அதற்கு அடர்த்தியை மிகத் துல்லியமாகப் பிடிக்க வேண்டும். அடர்த்திமானி வைத்து இன்று நாங்கள் ஆலையில் செய்யும் வேலையை, எழுதப்படிக்கத் தெரியாத மனிதர்கள் ஒரு முட்டையை வைத்துச் செய்திருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குள்ள மரியாதைக்கு அளவில்லை.

ஒரு டன் படிகாரத்துக்குப் பல பத்து டன் பாறை வேண்டும். ஆகவே குன்றுகள் தேய்ந்தன. சாண்ட்ஸெண்டில் பாதை தொடங்கியதும் இடப்புறம் தெரியும் மொட்டைச் சரிவுகள், புல் முளைக்க மறுக்கும் செம்பழுப்புக் குவியல்கள், அரைவட்டமாகக் குடையப்பட்ட பள்ளங்கள் எல்லாம் படிகாரச் சுரங்கங்களே. உங்கள் கட்டுரையாளர் கெட்டில்னெஸ் முனையின் வெறிச்சோடிய நிலத்தைக் காற்றும் அலையும் செதுக்கியதாக வியந்திருந்தார். அலைக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் அந்த முனையின் இன்றைய வடிவத்தில் பெரும்பங்கு கடப்பாரையுடையது. காலடியில் கிடக்கும் சிவந்த கல், சூளையில் வெந்த கல்.

கெட்டில்னெஸ்ஸில் ஓர் ஊரே இருந்தது. 1829 டிசம்பரில் ஓரிரவு நிலம் நகர ஆரம்பித்து, வீடுகளும் படிகார ஆலையும் கடலை நோக்கிச் சரிந்துபோயின. சரிவு மெதுவாக நடந்ததால் மக்கள் தப்பினார்கள். படிகாரம் ஏற்றுவதற்காகக் கரைக்கு அப்பால் நின்றிருந்த கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது. பிறகு ஆலையைத் திரும்பக் கட்டினார்கள்! 1871 வரை வேலை நடந்தது. நிலக்கரிச் சுரங்கக் கழிவிலிருந்து கந்தக அமிலத்தைக் கொண்டு படிகாரம் எடுக்கும் முறைக்குப் பீட்டர் ஸ்பென்ஸ் 1845-இல் காப்புரிமை பெற்றார். ஒன்பது மாதச் சூளைக்கு அதன் பிறகு எதிர்காலம் இருக்கவில்லை.

சாண்ட்ஸெண்டில் பாதை அகலமாகவும் மட்டமாகவும் இருப்பதைப் படித்தவர்கள் கவனித்திருக்கலாம். அது பழைய ரயில் தடம். விட்பியிலிருந்து லாஃப்டஸ் வரை 1883-இல் திறந்த ரயில், 1958-இல் நின்றுபோனது. தண்டவாளத்தைப் பாறை விளிம்பை ஒட்டியே போடத்தான் முதலில் முயன்றார்கள். விளிம்பு சரிந்து விழுந்ததால் உள்ளே தள்ளிச் சுரங்கப்பாதை குடைய வேண்டியதாயிற்று. அந்தச் சுரங்கப்பாதையின் வாய்க்கருகில் நடைபாதை ரயில் தடத்தை விட்டு விலகி, படிக்கட்டுகளாக மேலே ஏறுகிறது. மூச்சு வாங்கும் ஏற்றம். தயவுசெய்து அந்தச் சுரங்கத்துக்குள் யாரும் போகாதீர்கள்.

இந்தக் கடிதத்தை எழுத என்னைத் தூண்டிய முக்கியமான காரணம் பாதுகாப்பு. கெட்டில்னெஸ்ஸிலிருந்து ரன்ஸ்விக் விரிகுடாவுக்குப் போகும்போது பாதை ஓர் ஓடைப் பிளவின் வழியே கடற்கரைக்கே இறங்கி, மணலில் நடந்துதான் ஊரை அடைகிறது. கடல் ஏறியிருக்கும்போது அந்த மணல் இருக்காது. உங்கள் கட்டுரை இதைச் சொல்லவே இல்லை. சூரியன் மறையும் நேரத்தில் போனால் படம் நன்றாக வரும் என்று மட்டும் சொல்கிறது. கடல் ஏறும், வற்றும் நேர அட்டவணையைப் பார்க்காமல் அங்கே கிளம்பக் கூடாது. பாறையின் அடியில் நின்று சுத்தியலால் தட்டித் தொல்லுயிர்ச் சின்னங்கள் எடுக்கலாம் என்ற யோசனையையும் வாசகர்கள் தயவுசெய்து மறந்துவிட வேண்டும். சுமார் பதினெட்டுக் கோடி ஆண்டுக்கு முந்தைய சுருள் சிப்பிகள் இங்கே ஏராளம், உண்மைதான். அவை அலை அடித்துப் போட்ட கற்களுக்கிடையில், பாறையிலிருந்து தள்ளி, வற்றிய கடல் தளத்தில் தேடினாலே கிடைக்கும். ஏடு ஏடாகப் பிரியும் பாறை எச்சரித்துவிட்டு விழுவதில்லை. மேலே நடக்கும்போதும் இதே எச்சரிக்கைதான்: புல் விளிம்பு கெட்டியாகத் தெரியும், அதன் அடியில் பல இடங்களில் ஒன்றுமே இருக்காது.

ரன்ஸ்விக் ஊருக்குள் போனால் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். 1682-இல் அந்த ஊரும் ஒரே இரவில் சரிந்தது; ஒரே ஒரு வீடுதான் மிஞ்சியது. ஒரு சாவு வீட்டில் கூடியிருந்தவர்கள் நிலம் அசைவதை உணர்ந்து ஊரை எழுப்பியதால் உயிர்கள் பிழைத்தன என்று சொல்லப்படுகிறது. 1901-இல் ஆண்கள் எல்லோரும் கடலில் புயலில் மாட்டியபோது, உயிர்காப்புப் படகைப் பெண்களே நீரில் தள்ளி இறக்கினார்கள். மணலோரமாக உள்ள குகைகளில் ஹாப் என்றொரு குட்டிப் பூதம் குடியிருப்பதாக நம்பிக்கை. கக்குவான் இருமல் வந்த குழந்தைகளை அங்கே தூக்கிப் போய், இருமலை எடுத்துக்கொள் என்று தாய்மார் அதனிடம் வேண்டுவார்களாம். மருந்து இல்லாத காலத்தில் ஒரு தாய் வேறு எங்கே போவாள்!

ரன்ஸ்விக்கைத் தாண்டினால் போர்ட் மல்கிரேவ். ஒரு சின்னத் துறைமுகத்தின் உடைந்த கைகள் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். டைன் ஆற்றங்கரையில் ஜாரோவில் கப்பல் கட்டிய சார்லஸ் மார்க் பால்மர் தன் உலைகளுக்கு இரும்புக்கல் கொண்டுபோக 1850-களில் கட்டிய துறை இது. உள்நாட்டுச் சுரங்கத்திலிருந்து பாறையின் வயிற்றுக்குள்ளேயே ஒரு மைல் நீளத்துக்குக் குடைந்து, கல்லைத் துறைக்கு நேராகக் கொண்டுவந்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் ஏற்றுமதி நின்றது. இரண்டாம் உலகப் போரில் எதிரி வந்து இறங்கிவிடக் கூடாதென்று நம் ராணுவப் பொறியாளர்களே அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். (நம் என்று எழுதிவிட்டேன்; இத்தனை ஆண்டு இங்கே வரி கட்டியவளுக்கு அந்த உரிமை உண்டென்றே நினைக்கிறேன்.)

அங்கிருந்து கொஞ்ச தூரம்தான் ஸ்டெய்த்ஸ். சாண்ட்ஸெண்டிலிருந்து மொத்தம் ஏறக்குறைய 14 கிலோமீட்டர். கடைசி இறக்கத்தில் ஓடையும் அலைதடுப்புச் சுவரும் நெருக்கமான கூரைகளும் தெரியும்போது யாருக்கும் மனம் நிறையும். உங்கள் கட்டுரையின் பாதி இடம் இந்த ஊருக்கே போயிருந்தது, ஆனால் அங்கே மீன் பிடித்தவர்கள் யாரும் அதில் இல்லை. கேப்டன் ஜேம்ஸ் குக் 1745-இல், பதினாறு வயதில், இங்கே ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார் என்பதைச் சொல்லியிருந்தீர்கள். சரி. அந்தக் கடைக் கட்டடத்தைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது என்பதையும், அடுத்த ஆண்டே அவர் விட்பிக்குப் போய்விட்டார் என்பதையும் சேர்த்திருக்கலாம். அவர் போன பிறகும் அங்கேயே இருந்து நூற்றாண்டுகளாகக் கடலுக்குப் போனவர்களைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது.

அவர்களுடைய படகுக்குக் கோபிள் என்று பெயர். முன்பக்கம் உயர்ந்து ஆழமாகக் கூர்ந்திருக்கும். பின்பக்கம் தட்டையாக இருக்கும். துறைமுகம் இல்லாத மணற்கரையில் பின்புறமாக ஏற்றி நிறுத்துவதற்கென்றே அப்படி ஒரு வடிவம். மூக்கு அலையைப் பார்த்தபடியே கரையேறும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சின்ன ஊரில் எண்பது மீன்பிடிப் படகுகள் முழுநேரமாக ஓடின. ரயில் வந்த பிறகு அதே நாளில் மீன் வெளியூருக்குப் போனது. ஆண்கள் கடலுக்குப் போனார்கள் என்றால் பெண்கள் வீட்டில் இருந்தார்கள் என்று பொருளில்லை. ஆயிரங்கால் தூண்டிலின் நூற்றுக்கணக்கான கொக்கிகள் ஒவ்வொன்றிலும் சிப்பிச் சதையை உரித்து மாட்டுவது பெண்களின் வேலை. இரைக்கான சிப்பிகளைக் கடல் வற்றும் நேரம் பார்த்துப் பாறைகளில் சுரண்டி எடுத்து, கூடையில் தலைச்சுமையாகக் கொண்டுவந்ததும் அவர்களே. அந்தச் சுமைக்கு ஏற்பத் தைத்ததுதான் ஸ்டெய்த்ஸ் பெண்களின் பின்கழுத்துவரை மறைக்கும் துணித் தொப்பி. இன்றைக்கு அதை நினைவுப் பொருளாக விற்கிறார்கள். 1890-களிலிருந்து இங்கே தங்கி ஓவியம் தீட்டிய லாரா நைட் இந்தப் பெண்களை வரைந்திருக்கிறார். இங்கே அவர் தீட்டிய படங்களில் பெரும்பாலும் அவர்கள் கடலை ரசித்துக்கொண்டு நிற்பதில்லை. வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

பெரிய விசைப்படகுகளும் துறைமுகங்களும் வந்தபின் அந்தத் தொழில் ஒடுங்கியது. இப்போது சிங்கி இறாலுக்கும் நண்டுக்கும் கூடு போடும் சில படகுகளே மீதம். பல வீடுகள் விடுமுறைக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. குளிர்காலத்து மாலைகளில் விளக்கு எரியாத சன்னல்கள் நிறைய. ஊர் அழகாக இருக்கிறது என்பதோடு இதையும் எழுத வேண்டும்.

ஸ்டெய்த்ஸைத் தாண்டிப் பார்த்தால் போல்பி பாறை எழுந்து நிற்கும். 203 மீட்டர், இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் மிக உயரமான செங்குத்து அதுவே. அதன்மேலும் படிகார ஆலை இருந்தது. அருகிலேயே ஒரு பெரிய சுரங்கம் இன்றும் இயங்குகிறது. 1973-இல் உற்பத்தி தொடங்கி, ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், வட கடலின் அடியில் பல கிலோமீட்டர் வரை குடைந்து போயிருக்கிறார்கள். அங்கே எடுத்தது என்ன தெரியுமா? பொட்டாசியம்! முதலில் பொட்டாஷ் உப்பு. இப்போது பாலிஹாலைட் என்ற, பொட்டாசியம் கலந்த சல்பேட் கனிமம். உரத்துக்குப் போகிறது. 1939-இல் விட்பிக்கு அருகே எண்ணெய் தேடித் துளையிட்டபோதுதான் இந்தப் படிவு இருப்பது முதலில் தெரியவந்தது.

வேதியியல் படித்தவளாக இதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது. கடல்பாசியை எரித்தும், ஊர் ஊராக மூத்திரம் வாங்கியும் பொட்டாசியத்துக்கும் அமோனியாவுக்கும் அலைந்த மனிதர்கள், பொட்டாசியப் படிவின் மேலேயே நின்றுகொண்டு சூளை மூட்டியிருக்கிறார்கள். ஆயிரம் மீட்டர் பாறைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அறிய அவர்களுக்கு வழியில்லை. அந்தப் பாதையில் நடக்கும் ஒரு தமிழ்க் குழந்தைக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால், அது ஆயுசுக்கும் மறக்காது. வெறும் காட்சி என்று சொல்லி அழைத்துப் போனால் வழியில் பசிக்கிறது என்று சிணுங்கும். நான் என் மகனிடம் இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

பாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது யாரோ தாராள மனத்தோடு திறந்துவிட்ட வழி அன்று. 1949-இன் தேசியப் பூங்காக்கள் சட்டம் தந்த ஏற்பாட்டின்கீழ் 1969-இல் கிளீவ்லண்ட் வே என்ற பெயரில் திறக்கப்பட்ட 175 கிலோமீட்டர் தேசிய நடைபாதையின் ஒரு துண்டு இது. ஓக் மரக்காய்ச் சின்னம் போட்ட கம்பங்கள் வழி காட்டும். 2009-இல் வந்த கடல், கடற்கரை அணுக்கச் சட்டம் இங்கிலாந்தின் கரை முழுதும் நடக்க வழி செய்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, பாறை விளிம்பு சரிந்தால் பாதையும் அதற்கேற்ப உள்நிலம் நோக்கி நகரலாம் என்ற ஏற்பாடு. வயல்காரரிடம் ஒவ்வொரு முறையும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை. நிலம் ஓரிடத்தில் நிற்காது என்பதைப் புரிந்துகொண்டு எழுதிய சட்டங்கள் குறைவு. வாசகர்கள் வேலி மாற்றியமைக்கப்பட்ட இடங்களில் பழைய தடத்தைப் பிடித்துப் போகாமல் புதிய தடத்திலேயே நடக்க வேண்டும். படத்துக்காக வேலியைத் தாண்டுகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன், பயமாக இருக்கிறது.

ஆசிரியரிடம் என் வேண்டுகோள் இரண்டு. ரன்ஸ்விக் மணல் பற்றிய எச்சரிக்கையையும், பாறையடியில் சுத்தியல் கூடாது என்பதையும் அடுத்த ஞாயிறே, கட்டுரை வந்த அதே பக்கத்தில் வெளியிடுங்கள். கோடை விடுமுறைக்குள் வந்துவிட வேண்டும், ஏனென்றால் மிடில்ஸ்பரோவிலிருந்தும் நியூகாஸிலிலிருந்தும் லீட்ஸிலிருந்தும் குடும்பம் குடும்பமாக நம்மவர்கள் அந்தப் பக்கம் போவார்கள். இரண்டாவது, இந்தக் கரையைப் பற்றி மறுபடி எழுதும்போது படிகாரக்காரர்களுக்கும் இரும்புக்கல் வெட்டியவர்களுக்கும் தூண்டிலில் இரை மாட்டிய பெண்களுக்கும் இடம் கொடுங்கள். கட்டுரையாளர் திரும்ப வருவதாக இருந்தால், சாண்ட்ஸெண்டில் சூளைக் கல் எது, சாதாரணக் கல் எது என்று நானே கூட நடந்து காட்டுகிறேன். காலையில் கடல் வற்றும் நாளாகப் பார்த்து வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டீஸ்சைட், இங்கிலாந்து.